ரோஸிக்குக் கொசுவலை

மஞ்சக்குப்பம் தேவசகாயம் மாமா அவர்களுக்கு, தங்கை மகன் எழிலன் வணக்கத்துடன் எழுதுவது.

கடலூரில் இருந்த ஈயையும் கொசுவையும் ஒரு வேனில் ஏற்றி எங்கள் தெருவுக்கு அனுப்பிவைத்தவர் நீங்கள்தான். கூடவே ஒரு குதிரையும் வந்தது.

முதலில் இதை எழுதிவிட்டேன், இனி மரியாதைகளுக்கு வருகிறேன். தாங்களும் அத்தையும் அனுப்பிரியாவும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள். வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கம்பிவலை அடித்துவிட்டதால் அங்கே கர்த்தருக்கும் வேலை குறைவுதான். இங்கே ரோஸி பரம சௌக்கியம். வேளைக்குக் கொள்ளு, வேளைக்குப் புல், உடம்பில் ஒரு கடி கிடையாது. உங்கள் கூடப் பிறந்த தங்கை சின்னம்மாள், அதாவது என் அம்மா, சிக்குன்குனியா வந்து படுத்திருக்கிறாள். தெருவில் பாதிப்பேருக்கு அதே கதி. எல்லாரும் இடுப்பை வளைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெருவே எதையோ தொலைத்துவிட்டுத் தரையில் தேடுவதுபோல இருக்கிறது.

குதிரை வந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் நீங்கள் சௌகரியமாக மறந்துவிடக்கூடியவர் என்பதால் எழுதுகிறேன். கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாம் என்று அத்தை பெயரில் ரோஸியை வாங்கினீர்கள். மஞ்சக்குப்பத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ஈ வந்து சாம்பாரில் விழுகிறது என்று மனு எழுதிவிட்டார். ஒரு மனுவுக்கே நடுங்கிப்போய், "கீரப்பாளையம் பக்கம்னா நல்லா காத்தோட்டமா இருக்கும்டா, அவளுக்கும் ஒத்துக்கும்" என்று இங்கே அனுப்பிவிட்டீர்கள். நாங்களும் இதே தெருவில்தான் பிறந்தோம், இந்தக் காற்று எங்களுக்கு ஒத்துக்கொண்டதா என்று இதுவரை நீங்கள் கேட்டதில்லை. எங்கள் தெருவில் யார் சாம்பாரில் ஈ விழுந்தாலும் மனு போகாது என்பது உங்களுக்குத் தெரியும். மனு போட்டு அலுத்தவர்களில் நீங்களும் ஒருவர். படித்து, வேலை வாங்கி, மனுவை வாங்கி வைத்துக்கொள்கிற பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதன்பிறகு உங்கள் கட்டளைகள் சைக்கிள் கடை கொளஞ்சியின் செல்போனில் ஒவ்வொன்றாக வந்தன. ரோஸிக்கு வேப்பெண்ணெய் தடவச் சொன்னீர்கள், தடவினேன். லத்தியை உடனுக்குடன் அள்ளிக் குழியில் மூடச் சொன்னீர்கள், மூடினேன். கண்ணில் ஈ மொய்க்காமல் இருக்க நெற்றியில் நூல் குஞ்சம் கட்டச் சொன்னீர்கள், அம்மாவின் பழைய புடவையைக் கிழித்துக் கட்டினேன். கொட்டகையைச் சுற்றித் தண்ணீர் தேங்கக் கூடாது என்றீர்கள். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொட்டகையைச் சுற்றி ஏன் மாமா, தெருவே தேங்கின தண்ணியிலதான் நிக்குது. ஊர்த்தெரு சாக்கடையைப் போட்டவன் அதை எங்கேயாவது கொண்டுபோய் முடிக்கணுமேன்னு யோசிச்சு, நம்ம வாசல்ல கொண்டாந்து முடிச்சான். நீங்க சின்ன வயசுல தாண்டிக் குதிச்சு ஸ்கூலுக்குப் போனது அதே சாக்கடைதான். இப்ப இன்னும் கொஞ்சம் அகலமாயிருக்குது, அதுதான் நமக்கு நடந்த வளர்ச்சி.

அண்ணாமலை நகரில் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் என்னைப் பார்த்து, "பெரிய படிப்பு படிச்சிட்டு ஈ ஓட்டிக்கிட்டிருக்கான்" என்று பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அது கேலி இல்லை, சாட்சி. கையில் துண்டோடு ரோஸியின் முகத்தருகே நிற்கும் என்னைப் பார்த்து, "வேலைக்குச் சேந்துட்ட போலக்குதே தம்பி, பர்மனன்ட்டா?" என்று கேட்டது. தனக்கே நடக்க முடியாத நிலையிலும் இதைக் கேட்பதற்காக எங்கள் வாசல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தது.

ரோஸி வாடகைக்குப் போகும் நாளெல்லாம் நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறேன். ஒரு விஷயம் கவனித்தேன். வேறு நாளில் நான் தலையைக் காட்ட முடியாத தெருக்களிலெல்லாம், ரோஸியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் என்னை விடுகிறார்கள். சில வீடுகளில் ரோஸிக்கு வெல்லம் கொடுக்கிறார்கள். எனக்கு வழி கொடுக்கிறார்கள். போன மாதம் நம் தெரு பச்சமுத்து தன் கல்யாணத்துக்கு அவள்மேல் ஏறி ஊர்த்தெரு வழியாகப் போகலாமா என்று கேட்டதும், அதே தெருவில் குதிரைக்கு வழி குறுகலாகிவிட்டது. குதிரை அதேதான். முதுகில் யார் என்பதைப் பொறுத்துத் தெரு அகலம் மாறுகிறது. விலங்கியலில் இது பாடமாக வரவில்லை.

இனி அந்தப் போனுக்கு வருகிறேன். அம்மா காய்ச்சலில் விழுந்த மறுநாளே உங்களுக்குத் தகவல் சொல்லச் சொல்லி அத்தையிடம் சொல்லியிருந்தேன். அடுத்த நாள் நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"டேய் எழிலா, கால் வீக்கம் எப்படிடா இருக்குது அவளுக்கு?"

கண் கலங்கிவிட்டது மாமா, பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷம் உங்களைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. "கொஞ்சம் வத்தியிருக்குது மாமா" என்றேன்.

"எழுந்து நிக்கிறாளா?"

"காலையில நின்னுச்சு. நாலடி நடந்துச்சு. அப்புறம் முடியாம படுத்துடுச்சு."

"படுத்துட்டாளா? ஐயையோ, படுக்க வுடக் கூடாதேடா! டாக்டர இட்டாந்தியா?"

"நாங்கதான் ஆட்டோ வெச்சு இட்டுக்கினு போனோம். ஊசி போட்டாங்க."

"ஆட்டோவுலயா? ஆட்டோவுல எப்படிடா ஏத்துன?"

"ரெண்டு பேரு தூக்கி ஏத்துனோம் மாமா."

"ரெண்டு பேரா! சாப்புடுறாளா?"

"கஞ்சிதான்."

"கஞ்சியா? எவன்டா கஞ்சி குடுக்கச் சொன்னது? ஊற வெச்ச கொள்ளு என்னாச்சு? புல்லு போடுறியா இல்லியா?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கொளஞ்சி, பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். ரோஸிக்கு அந்த வாரம் முன்னங்காலில் ஈ கடித்து வீங்கியிருந்ததும், அதை நானே உங்களுக்குச் சொல்லியிருந்ததும் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காய்ச்சல் அம்மாவுக்கு என்று சொன்னேன். "அப்படியா, மிளகு ரசம் வெச்சுக் குடு" என்றீர்கள். மறுமூச்சில், "ஏன்டா, அந்தக் கொசு குதிரையையும் கடிக்குமா?" என்றீர்கள்.

அதன் பலனாகத்தான் ரோஸிக்கு ஆள் உயரக் கொசுவலை, ஒரு டேபிள் ஃபேன், ஒரு மூட்டை சாம்பிராணி எல்லாம் வந்து இறங்கின. உங்கள் அதிகாரத்தையும் பயன்படுத்தி, கொசுமருந்துப் புகை அடிக்கும் வண்டி ஒன்றுக்கும் சொல்லி அனுப்பினீர்கள். அந்த வண்டி வந்தது மாமா. வந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, வண்டி ஊர்த்தெரு எல்லையில் ஐயனார் கோயில் வாசலில் நின்றது. அங்கே வரிசையாக நிற்கும் மண் குதிரைகளுக்கு ஓர் ஆள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு புகை அடித்துக்கொண்டிருந்தார். பெயர் பாண்டியன். மிகவும் பொறுப்பானவர். ஒவ்வொரு குதிரைக்கும் வயிற்றுக்கு அடியில், காலிடுக்கில், வாலுக்குப் பின்னால் என்று ஓர் இடம் விடாமல் அடித்தார்.

"அண்ணே, இதுங்களையா கொசு கடிக்குது?" என்றேன்.

"எனக்கென்னா தெரியும்? குதிரை நிக்கிற எடத்துல அடின்னு ஆர்டர். நிக்குதா இல்லியா?"

"நிக்குது."

"அப்புறம் என்னா?"

"நிஜக் குதிரை எங்க காலனியில இருக்குதுண்ணே. மனுஷங்களும் இருக்குறாங்க."

அவர் மெஷினை அணைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலனியிலயா? கடலூர் சாரோட சொந்தக்காரங்க வூட்டுக் குதிரைன்னுல்ல சொன்னாங்க? சாருக்குக் காலனியில எப்படி சொந்தக்காரங்க இருப்பாங்க?" என்றார். பிறகு தொட்டியைத் தட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாம்ல தம்பி, மருந்து தீந்துபோச்சு" என்று கிளம்பிவிட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. கிளம்பும் முன்பே அவருக்குக் கொடுத்த தாளைக் காட்டச் சொல்லிப் பார்த்திருந்தேன். ஊர் பெயர் இருந்தது. "குதிரை நிற்கும் இடம்" என்று இருந்தது. தெருப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. மறந்திருப்பீர்கள் என்று நினைக்க ஆசைப்பட்டேன். ஆனால் குதிரைக்கு ஊற வைக்கும் கொள்ளுக்கு உப்பு எத்தனை சிட்டிகை என்பது வரைக்கும் மறக்காமல் சொல்லுகிற ஆள் நீங்கள். காலனி என்று எழுதினால் ஆபீசில் எதிர் மேசைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்குப் பயந்து மூன்றெழுத்தை விட்டீர்கள். ஐயனாரின் குதிரைகள் காப்பாற்றப்பட்டன. இனிமேல் அவற்றுக்குச் சிக்குன்குனியா வராது என்று நானே சர்டிபிகேட் எழுதித் தருகிறேன், விலங்கியல் படித்தவன் என்ற முறையில்.

ஆகவே மாமா, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேனை அனுப்பிக் குதிரையை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். கொசுவலை, ஃபேன், குஞ்சம், மீதி சாம்பிராணி எல்லாவற்றையும் கூடவே ஏற்றிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் சாம்பாரை மூடிவைத்துச் சாப்பிடட்டும். அப்படியே புகை வண்டியை மறுபடியும் அனுப்புங்கள், இந்தத் தடவை தாளில் காலனி என்று உங்கள் கையாலேயே எழுதி. எழுத்துப்பிழை வரும் அளவுக்குக் கஷ்டமான வார்த்தை இல்லை.

அத்தைக்கு என் வணக்கம். அனுப்பிரியா நன்றாகப் படிக்கட்டும், படித்து முடித்து ஈ ஓட்டாமல் இருக்கட்டும். கர்த்தர் உங்களையும் உங்கள் ஜன்னல் வலைகளையும் கிழியாமல் காத்து இரட்சிப்பாராக.

இப்படிக்கு,
எழிலன்

பி.கு.: மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். குதிரையை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். இந்தக் கொசு பகலில்தான் கடிக்கிறது, தெருவில் பகலில் படுக்க வலையும் ஃபேனும் புகையும் உள்ள இடம் ரோஸியின் கொட்டகை ஒன்றுதான். அம்மா அங்கேதான் படுத்திருக்கிறாள். விருத்தாம்பாளும் வந்துவிட்டது. ரோஸி ஓரமாக நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே தூங்குகிறாள். அவளைக் கொண்டுபோனால் வலையும் போய்விடும், அப்புறம் யார் பெயரைச் சொல்லி நாங்கள் இன்னொன்று கேட்பது? முடிந்தால் இன்னொரு குதிரையும் அனுப்புங்கள், தெருவின் எதிர்ச்சாரி வீடுகளுக்கும் ஆகும்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று. கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னாள். "அண்ணன் அனுப்பிய வலை கிடைத்தது, ரொம்ப நன்றி" என்று வாசித்தேன். வலை தனக்கு வந்தது என்றுதான் அவள் நம்புகிறாள். "எங்கண்ணன் எங்காலு வீக்கத்தக் கேட்டுச்சு" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் கொளஞ்சி போனுக்கு ஒரு தடவை கூப்பிடுங்கள். நான் அவள் காதில் வைக்கிறேன். "சின்னம்மா, உன் கால் எப்படி இருக்குது?" என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். போன கடிதத்திலும் இதைத்தான் கேட்டிருந்தேன்.