‘பிறீ’ என்ற சொல்மீது ஒரு முறைப்பாடு

சிவமயம்

பாப்பாமோட்டை,
புதன்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் தம்பு மாஸ்டர் அவர்கட்கு,

நாங்கள் இங்கே திருக்கேதீச்சரத்தான் அருளால் நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ‘நாங்கள்’ என்று எழுத இந்த வீட்டில் இரண்டாவது ஆள் இல்லை. என் மனைவியும் உங்கள் தங்கச்சியுமான சிவக்கொழுந்து எட்டு நாளாக நாவற்குழியில் உங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கிறா. ஆகவே நான் மட்டும் சுகம். அதுவும் முழுச் சுகமில்லை. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கோபத்தில் இருந்தாலும் முறைக்கு எழுதவேண்டியதை எழுதிவிட்டேன், இனி விசயத்துக்கு வருகிறேன்.

மாஸ்டர், நாற்பது வருசம் இங்கிலீசு படிப்பித்த ஆள் நீங்கள். அதனால் இந்த முறைப்பாடு உங்கள் பேருக்குத்தான். ‘பிறீ’ (free) என்று ஒரு இங்கிலீசுச் சொல் இருக்கிறதே, அதற்கு எத்தனை அர்த்தம்? நான் முப்பத்தொரு வருசம் தபால் கந்தோரில் இருந்தவன். ஒரு கடிதத்துக்கு ஒரு விலாசம். ஆறு விலாசம் எழுதிக்கொண்டு வந்தால் கொண்டுவந்தவன் கையிலேயே திருப்பிக் கொடுப்போம். அப்படித் திருப்பிக் கொடுத்திருக்கவேண்டிய சொல்லை நீங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பென்சன் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறீர்கள்.

நடந்ததை என் வாயாலும் கேளுங்கள். முந்தின திங்கட்கிழமை குடும்ப விபரம் எடுக்க நிருஷா என்ற அரசாங்கக் கந்தோர்ப் பிள்ளை வந்தது. நான் கதிரையில் இருந்து கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். “ஐயா என்ன செய்யிறியள்?” என்றது. “பென்சன்” என்றேன். “அம்மா?” என்றது. “அவ வீட்டிலதான் பிள்ளை. பிறீ.” இவ்வளவுதான் நான் சொன்னது. ஒருத்தருக்கும் கீழே கைகட்டி நிற்காத ஆள் என்ற மரியாதையான அர்த்தத்தில் சொன்னேன். அந்த நேரம் பார்த்து அவ வயலிலிருந்து தலையில் புல்லுக்கட்டோடு படலையைத் திறந்து வந்தா. நான் சொன்னது காதில் விழுந்துவிட்டது. புல்லை மாட்டுக்குப் போட்டா, கை கழுவினா, அந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுத்தா. எனக்கும் கொடுத்தா, சீனி இல்லை.

அடுத்த நாள் விடியப் பார்க்கிறேன், கோயிலுக்குக் கட்டுகிற சீலையோடு நிற்கிறா. “எங்கை போறாய்?” என்று கேட்டேன். “அண்ணையிட்டப் போறன்.” “எப்ப வருவாய்?” அதற்கு உங்கள் தங்கச்சி சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “நான் பிறீ எண்டு நீங்கள்தானே அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்தனீங்கள். பிறீயான ஆள் எங்கையும் போகலாம், எப்பவும் வரலாம், வராமலும் விடலாம்.” யாழ்ப்பாண பஸ் வந்தது, ஏறிவிட்டா. எட்டாம் வகுப்போடு நின்ற மனிசி, மாஸ்டர். இந்த அர்த்தத்தை யார் படிப்பித்தது? உங்களைத் தவிர வேறு யார்?

அதோடு நின்றதா இந்தச் சனியன்? வியாழக்கிழமை வயல் உழ லக்சன் என்ற பொடியன் வந்தான். இதெல்லாம் அவ பார்க்கிற அலுவல், எனக்குப் பழக்கமில்லை. எங்கள் லான்ட்மாஸ்ரர் உழவு மிசின் கொட்டிலில் நின்றது. “ஐயா, மிசின் பிறீயோ?” என்று கேட்டான். ஒருத்தரும் அதை இரவல் கேட்கவில்லை, ஆகவே “ஓம், பிறீதான், எடு” என்றேன். அவன் கேட்டது கியர் ஒன்றிலும் விழாமல் பிறீயில் கிடக்கிறதா என்று. கைபிடியைப் போட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினான். மிசின் ஆள் இல்லாமலே புறப்பட்டுக் கோழிக்கூட்டை இடித்து, வேலியையும் பிரித்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. லக்சன் மருந்துக்கும் காயமில்லாமல் பாய்ந்துவிட்டான். “நீங்கள்தானே ஐயா பிறீ எண்டியள்” என்று என்னிலேயே பழியைப் போட்டான். இப்போது கோழிகள்தான் உண்மையில் பிறீ. ஏழில் மூன்றைத்தான் பிடிக்க முடிந்தது.

என் சமையலை ஐந்து நாள் நானே சாப்பிட்டதில் வயிறு கல்லாகிவிட்டது. திங்கட்கிழமை ஆசுபத்திரிக்குப் போனேன். அங்கே நேர்ஸாக இருக்கிற நசீறா மிஸ் தங்கமான பிள்ளை, ஆனால் அவவும் உங்கள் சொல்லைத்தான் எடுத்தா. “ஐயா, போறது பிறீயோ?” என்று கேட்டா. வயது போன ஆட்களுக்கு பஸ் சலுகை ஏதோ வந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, “இல்லை மிஸ், ரிக்கற் எடுத்துத்தான் வந்தனான், திரும்பிப் போறதுக்கும் காசுதான்” என்றேன். வாங்கில் குந்தியிருந்த சனம் முழுக்கச் சிரித்தது. ஒரு மனிசி சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே எழும்பிப் போனா. பேதி மருந்தைக் கையில் தந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இனி அந்த ஆசுபத்திரிக்கு எந்த முகத்தோடு போவது?

வவுனியாவில் இருக்கிற என் மகள் துசாந்தினிக்குப் போன் எடுத்து நியாயம் கேட்டேன். “அம்மாவைக் கொஞ்சம் பிறீயா விடுங்கோ அப்பா” என்கிறாள். சரி விட்டேன் என்று போனை வைக்கப் போக, “நீங்கள் முதல்ல அம்மாவோட பிறீயாக் கதையுங்கோவன்” என்கிறாள். ஒரே சொல்லால் விலகி நிற்கச் சொல்கிறாள், அதே சொல்லால் கிட்டப் போகச் சொல்கிறாள். பெற்ற மகள். இதற்கெல்லாம் மேலே நேற்று நீங்கள் அனுப்பிய செய்தி: ‘தங்கச்சி பொங்கல் வரைக்கும் இங்கே பிறீயாக இருக்கட்டும்.’ பொங்கலுக்கு இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது, மாஸ்டர். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். நான் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் அலுமாரியில் இருக்கிற பெரிய அகராதியை எடுத்து, நல்ல அர்த்தம் எதுவோ அதை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கள். வெள்ளிக்கிழமை பகல் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். நான் வந்து கூப்பிடமாட்டேன். எனக்கு இங்கே தலைக்கு மேலே வேலை. விடிய நாலு மணிக்கு எழும்பிப் பால் கறக்கவேணும், சாணி அள்ளவேணும், வயலுக்குத் தண்ணி மாறவேணும், புல்லு வெட்டவேணும், அதற்குள் அடுப்பும் மூட்டவேணும். ஒரு ஆள் இவ்வளவையும் எப்படித்தான் செய்வது? மற்றபடி வீடு நன்றாகத்தான் நடக்கிறது. அவ இல்லாமல் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விசயம், அதை நீங்கள் அவவிடம் சொல்லத் தேவையில்லை.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் முழங்கால் நோவுக்குக் கேதீச்சரத்தான் துணை.

இப்படிக்கு,
குற்றம் ஏதும் செய்யாத உங்கள் மைத்துனர்,
க. சிங்கராசா
(ஓய்வுபெற்ற உப தபால் அதிபர்)

பி.கு.: மேலே எழுதியதைப் பெரிதாக எடுக்காதீர்கள். முத்திரை ஒட்டப் போனபோதுதான் யோசித்தேன், இன்று போட்டால் சனிக்கிழமைதான் உங்கள் கைக்கு வரும். அதுவரை என்னால் பொறுக்க ஏலாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே நிருஷாவின் கந்தோருக்குப் போனேன். “பிள்ளை, நான் தந்த விபரம் பிழை, திருத்தோணும்” என்றேன். “அப்ப அம்மான்ர தொழில் என்ன ஐயா?” என்றது. வயல், மாடு, கோழி என்று நான் சொல்லிக்கொண்டே போக, அந்தப் பிள்ளை கையைக் காட்டி நிறுத்தியது. “ஒண்டுதான் போடலாம் ஐயா, இடமில்லை.” எல்லாம் அடங்க, விவசாயம் என்ற அர்த்தத்தில் கமம் என்று போடச் சொன்னேன். “வேற ஏதும் மாத்தோணுமோ?” என்றது. “குடும்பத் தலைவர் எண்ட இடத்தில என்ர பேர் கிடக்குது. அதை அவ வந்து பாத்துச் சொல்லட்டும்” என்றேன். திருத்திய தாளின் பிரதி ஒன்றும் வாங்கியிருக்கிறேன். மாடுகளைப் பக்கத்து வீட்டுச் சிவலட்சுமி பார்ப்பா. பஸ் எடுத்து நாவற்குழிக்கு வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை உங்கள் படலைக்கு மேலால் நானே உள்ளே போடுகிறேன், வெளியில்தான் நிற்கிறேன். நாயை நீங்கள் கட்டுங்கோ. படலையை அவ வந்து திறக்கட்டும்.