அடுத்தவர் பிள்ளைக்கு ஆகும் செலவு

பிள்ளைச் செலவு குறைப்பாளர் என்றோர் இனம் உண்டு. எந்த ஊர் நகராட்சியிலும் பார்க்கலாம். பெற்றவர் கையில் இல்லாத பிள்ளைகளை ஊர்ப் பணத்தில் வளர்க்க வேண்டி வந்தால், "ஒரு பிள்ளைக்கு இவ்வளவா?" என்று முதல் ஆளாகக் கண்ணாடியைக் கழற்றுபவர் அவர்தான். நகராட்சியில் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வார்? வளைகுடாவுக்கு வந்து சங்கத்தில் பொருளாளர் ஆகிவிடுவார். மனாமா நகரின் குதைபியாப் பகுதியில் எங்கள் தமிழர் சங்கத்துக்கு வாய்த்தவர் கார்மேகம்.

அடையாளம் சொல்கிறேன். சொந்த மகனுக்கு நீச்சல், கீபோர்டு, ரோபோ செய்யும் வகுப்பு என்று வாரம் முழுக்கக் கார் ஓட்டுவார். நீச்சலுக்குக்கூட ஷூ வாங்கிக் கொடுத்தவர். அடுத்தவர் பிள்ளை என்றால் மட்டும், "கஷ்டம் தெரிஞ்சு வளரணும் சார்" என்பார்.

போன வருடம் ஜோதிமணி என்றொரு பெண்ணைக் கார் மோதிவிட்டது. கணவர் இறந்தபின் ஒரு கம்பெனியில் கணக்கெழுதி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் மகள் விஜியும் மகன் ரோஹித்தும் மளிகைக்கடை சுஐபு பாய் வீட்டில் இருப்பது, சாப்பாட்டுக்கும் ஸ்கூல் வேனுக்கும் சங்கம் பணம் தருவது என்று முடிவாயிற்று. சுஐபுவின் மனைவி அஸ்மத் பீவி தினமும் சாயங்காலம் பிள்ளைகளைத் தாயிடம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவார்.

கார்மேகத்துக்குத் தூக்கம் போயிற்று. உடனே குழு போட்டார். ஹோட்டல் மாடியில் ஏசி அறை, சமோசா, திரையில் வண்ணப் படங்கள். முதல் கூட்டத்தில் பால், பால் பவுடர் ஆனது. இரண்டாம் கூட்டத்தில் வேன் போனது. கட்டட வேலையாட்களோடு சைட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிடலாமாம், வழிதானே! மூன்றாம் கூட்டம் முடிந்த கையோடு வாட்ஸப்பில் அறிவிப்பு வந்தது.

"ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு. மருந்து, நகை எதுவும் இல்லை. பிள்ளைகள் இரண்டு மட்டும். திருச்சியில் தாய்மாமன் ஒன்றையும், சென்னையில் அத்தை ஒன்றையும் பெற்றுக்கொள்வார்கள். தனித்தனியாகவும் கொண்டுபோகலாம்."

ஊருக்குப் போகிறவர் பெட்டியில் சாமான் கொடுத்தனுப்பக் கேட்கும், நமக்கெல்லாம் பழகின அறிவிப்புதானே. பாதி மட்டும் படித்த சங்க உறுப்பினர் ராஜிக், "எத்தனை கிலோ?" என்று கேட்டிருந்தார்.

ஜோதிமணி படுக்கையிலிருந்தே குரல் பதிவு அனுப்பினாள். "அண்ணா, புள்ளைங்கள பிரிச்சிராதீங்க. சாயங்காலம் அதுங்க மொகத்தப் பாத்தாத்தான் எனக்குச் சோறே எறங்குது."

"சென்டிமென்ட் வேற, பட்ஜெட் வேற" என்றார் கார்மேகம்.

நான்காம் கூட்டத்துக்கு அஸ்மத் பீவியே வந்துவிட்டார். உட்காரவில்லை.

"அண்ணே, அந்தக் காச நிப்பாட்டிருங்க. புள்ளைங்க ரெண்டும் எங்ககூடயே இருக்கட்டும். லீவுக்கு ஊருக்குப் போக எடுத்துவச்ச காசு இருக்கு. நாங்க போகல."

"ஊர்ல உங்க மகளுக்குப் பிரசவம்னு சொன்னீங்களே?" என்றேன், குழுவில் இருந்த நான்.

"ஆமிராவுக்கு இது தலப்பிள்ள. கூட இருக்கேன்னு சொல்லியிருந்தேன்." முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "அல்லாஹ் பாத்துக்குவான்."

கார்மேகத்துக்குக் கண் கலங்கியது என்றுதான் நினைத்தேன். அவர் திரைப்பக்கம் திரும்பி, "நூறு சதவீதக் குறைப்பு!" என்றார்.

பிள்ளைகள் பிரியவில்லை, தாயும் தேறி வருகிறாள். சங்கத்தின் ஆண்டு விழாவில், "ஒரு காசு செலவில்லாமல் இரண்டு பிள்ளைகளைக் காத்த பொருளாளர்" என்று கார்மேகத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அஸ்மத் பீவி விழாவுக்கு வரவில்லை. அது ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நேரம். ஊரில் ஆமிராவுக்கு அன்று காலைதான் வலி கண்டிருந்தது.

சீ, இப்படியும் ஒரு மனிதனா என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். பொன்னாடை விழுந்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது; ஆமிராவின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு எடுத்த போட்டோ என்னிடம் இருக்கிறது. மூன்றாவது வரிசையில், கையை உயரத் தூக்கித் தட்டிக்கொண்டிருப்பவரின் ஜாடை, தப்பாக நினைக்காதீர்கள், அப்படியே உங்களுடையது.