ஒக்கூருக்குப் போன கட்டுச்சோறு

ஒரு குழந்தைக்கு இலை போட வேண்டும் என்பதற்காக, விசேஷத்துக்கு வந்த அத்தனை பேருடைய சோற்றையும் மாற்றலாமா?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. காலையில் காபி ஆற்றும்போது, மாற்றலாம், தப்பே இல்லை என்று தோன்றும். மத்தியானம் துணி மடிக்கும்போது, அதெப்படி, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று தோன்றும். ஒரே ஒரு முறை மாற்றிப் பார்த்தேன். அன்றைக்குச் சோறு எடுத்துப்போன அண்டாவில் இன்றுவரை நாங்கள் தண்ணீர்கூடப் பிடிப்பதில்லை.

என் மகள் இனியாவுக்கு சீலியாக் என்று ஒரு நோய். கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற பொருள் துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகும். வயிறு உப்பும், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, பிள்ளை வளராமல் அப்படியே நிற்கும். இதற்கு மாத்திரை கிடையாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதையும் ஆயுளுக்கும் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். மதுரையில் டாக்டர் இதைச் சொன்னபோது நான் அழுதேன். பக்கத்தில் இருந்த அத்தை, அதாவது என் மாமியார், நிம்மதியாக மூச்சு விட்டார்.

"இதுக்குப் போயி அழுகுறியேத்தா. நம்ம என்ன சப்பாத்தி தட்டியா பொழைக்கிறோம்? சோறு திங்கிற ஊர்ல பெறந்த பிள்ளைக்கு என்ன கொறை?"

நானும் அதைத்தான் நம்பினேன். காரைக்குடி வீட்டில் புது தோசைக்கல் வந்தது, புதுச் சல்லடை வந்தது. மாவு மில்லில் நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருப்பார்கள் என்று மிளகாய்ப்பொடியைக்கூட மிக்ஸியிலேயே அரைத்தேன். (நான் தும்முகிற சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள்.) அப்படியும் பிள்ளைக்கு வயிற்றுவலி நிற்கவில்லை. ஒருநாள் சாம்பாருக்குத் தாளிக்கும்போது, கையில் இருந்த பெருங்காய டப்பாவைச் சும்மா திருப்பிப் பார்த்தேன். எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் போட்டிருந்தது: கோதுமை மாவு. கடையில் நாம் வாங்கும் பெருங்காயத்தில் பிசினும் மாவும்தான் அதிகம், பெருங்காயம் பேருக்குத்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சோறு திங்கிற ஊரில், சோற்றுக்குள்ளேயே கோதுமை ஒளிந்து உட்கார்ந்திருந்தது.

அதன்பிறகு எங்கே போனாலும் இனியாவுக்கு டிபன் டப்பா. தேவகோட்டையில் ஒரு கல்யாணத்தில் மற்ற பிள்ளைகள் எல்லாம் பந்தியில் வரிசையாக உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவள் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு மட்டும் ஏம்மா எலை போட மாட்டேங்கிறாக?"

அவள் அழவில்லை. பல்லி ஏன் சுவரிலிருந்து விழ மாட்டேங்கிறது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அழுதிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் சுகன்யாவுக்கு ஒக்கூரில், அவள் புகுந்த வீட்டில், வளைகாப்பு வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் வளைகாப்புக்குத் தாய் வீட்டிலிருந்துதான் கட்டுச்சோறு போக வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு என்று விதவிதமாகக் கிளறி, அண்டா அண்டாவாக வேட்டித்துணியால் வாய் கட்டி எடுத்துப்போவோம். வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சாப்பிடுவார்கள். அப்புறம் பிள்ளைத்தாய்ச்சியைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வருவோம். வளைகாப்பு என்றதும் என் மனசுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. எல்லாமே சோறு. கிளறுவது எங்கள் வீடு. பெருங்காயத்தை மட்டும் மாற்றிவிட்டால், இனியாவுக்கு இலை போடலாம்.

அத்தை வழக்கமான சமையல்காரரிடம் சொல்வதாக இருந்தார். நான் குறுக்கே விழுந்தேன். நான் வேதியியல் முதுகலை படித்தவள்; கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியில், கரைசலின் செறிவு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். (இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நீங்கள் சிரிப்பதற்கு வேண்டும்.) எல்லாவற்றையும் நானே கிளறுகிறேன் என்றேன். அத்தை சரி என்றார். "சம்பந்தி வீட்டுல மானத்த மட்டும் காப்பாத்திப்புடுத்தா" என்றும் சேர்த்துச் சொன்னார்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவரிடம், மாவு கலக்காத சுத்தமான பால் பெருங்காயம் கிடைக்குமா என்று கேட்டேன். அங்கே பழைய சந்தையில் தேடி வாங்கி, ஊருக்கு வந்த எங்கள் தெரு ஜாகிர் அண்ணனிடம் கொடுத்துவிட்டார். அண்ணன் பொட்டலத்தை, கையை நீட்டி உடம்பிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, பெருநாளுக்கு எடுத்த சட்டை பூரா இந்த வாடைதான். நான் நடந்து வந்தா, எங்க வீட்டுல சாம்பார் வந்துருச்சுங்கிறாக."

சுத்தம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பழுப்புக் கல்கண்டு மாதிரி பிசுபிசுத்த கட்டிகள். டப்பாவுக்குள் டப்பா, அதற்குள் டப்பா வைத்து மூடினேன். விசேஷம் வருவதற்குள் எங்கள் வீட்டுத் தலையணை, பால், காலண்டர் எல்லாவற்றிலும் அந்த வாடை ஏறியிருந்தது. எங்கள் மூக்கு அதற்குப் பழகிவிட்டிருந்தது. அதுதான் வினை.

அன்றைக்கு விடிகிற நேரம் எனக்கு இப்போதும் கனவு மாதிரிதான் நினைவுக்கு வருகிறது. பின்கட்டில் மூன்று அடுப்பு. வெந்த சோற்றின் ஆவி பனியோடு கலந்து முற்றம் பூராவும் வெள்ளையாக மிதந்தது. நான் அதற்குள் கரண்டியோடு நடந்துகொண்டிருந்தேன். நல்லெண்ணெயில் பெருங்காயம் பொரிகிற சத்தம் தூரத்து மழை மாதிரி இருந்தது. ஒவ்வொரு சோற்றுக்கும் சமையல்காரர் எவ்வளவு போடுவாரோ அவ்வளவு, ஒரு நெல்லிக்காய் அளவு கட்டி. கணவர் போனில், "ரொம்ப வீரியமாம், பாத்துப் போடு" என்று சொன்னது ஞாபகம் இருந்தது. அதனால் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். மாவு கலந்ததில் நெல்லிக்காய் அளவு என்றால், கலக்காததில் எவ்வளவு என்று முதலாம் ஆண்டு மாணவிகூடக் கணக்குப் போட்டிருப்பாள். அவர்களுக்குப் பாடம் எடுத்தவள் போடவில்லை.

ருசி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் சீர்ச் சோற்றை, கொண்டுபோய்ச் சேர்க்கிற வரைக்கும் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம். நான் சட்டத்தை மீறாத மருமகள்.

வேனில் அண்டாக்களை ஏற்றி, ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். வெயிலில் கண்மாய்கள் வெள்ளித் தட்டு மாதிரி கிடந்தன. இனியா என் மடியில் தூங்கிவிட்டாள். அவளுக்கு முன்னால் ஒரு இலை விரிவதை நான் கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டேன். பாதி வழியில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். பானெட்டைத் திறந்து பார்த்தார், குனிந்து டயரைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பையும் திருப்பிப் பார்த்தார். "எதுவோ கேஸ் லீக் ஆகுற மாதிரி இருக்கும்மா" என்றார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று நானும் அத்தையும் சொன்னோம். பாவம், அவர் மிச்ச தூரம் பூராவும் தலையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு ஓட்டினார்.

ஒக்கூரில் எங்களுக்கு முன்னால் எங்கள் சோற்று வாசம் இறங்கி வீட்டுக்குள் போய்விட்டது. மணையில் உட்கார்ந்திருந்த சுகன்யா கை நிறைய வளையலோடு சிரித்துக்கொண்டே எங்களைப் பார்த்தாள். அப்படியே வெளிறிப் போனாள். பிறகு அத்தனை வளையலும் கலகலக்கக் கொல்லைப்பக்கம் ஓடினாள். அண்டாவின் துணியை அவிழ்த்ததும், முன்வரிசைப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முந்தானையைச் சரிசெய்தார்கள். சரிசெய்த முந்தானை மூக்கிலேயே நின்றது. பெருங்காயமே போடாத சர்க்கரைப் பொங்கலும் மூடிய வேனில் கூடவே வந்ததால் அதே வாடைக்கு மாறியிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா மிகவும் மரியாதையானவர். "சம்பந்தி வீட்டுச் சோத்துக்கு ஒரு தனி வாசந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் இரண்டு மூன்று பைக்குகள் சத்தமில்லாமல் தெருவைத் தாண்டிப் போயின. திரும்பி வரும்போது பை பையாகப் பரோட்டாவும் குருமாவும் வந்தன.

இதை நீங்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். என் மகளுக்காக ஒரு விசேஷத்தில் கோதுமையே இல்லாமல் செய்யப் புறப்பட்டேன். அந்த விசேஷத்தில் அத்தனை பேரும் மைதா சாப்பிட ஏற்பாடு செய்து முடித்திருந்தேன்.

இதற்குள் இனியா யாரிடமோ கேட்டு, காலியாக இருந்த பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டாள். முன்னால் இலை. அதில் அவளே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பந்தியின் அந்தக் கோடியில் ஒருவர் பரோட்டாவை உதறி உதறிப் பிய்த்துப் போட்டுக்கொண்டே வந்தார். வெயில் விழுந்த இடத்தில் மாவுத் துகள் மெதுவாக, பூ உதிர்வது மாதிரி மிதந்து இறங்கியது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒரு துகள் அவள் இலையில் விழுந்தால் போதும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஓரத்து நாற்காலிக்குப் போக வேண்டியதுதான் என்று குனிந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இலையின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது அத்தை வந்து அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, பரோட்டாவ அடுத்த கட்டுக்குக் கொண்டுபோங்க. இங்குட்டு வேணாம். இது சோத்துப் பந்தி."

"சோத்துக்கு யாரும் உக்காரலையேம்மா?"

"நான் உக்காந்திருக்கேன்ல?"

பரோட்டா போட்டவர் அடுத்த கட்டுக்குப் போய்விட்டார். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த கரண்டியால் புளிச்சோறு வைத்தேன். அத்தை ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டார். கண் கலங்கியது. (பெருங்காயத்தாலா, வேறு எதனாலா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.) சம்பந்தியம்மாளைத் தனியாகச் சாப்பிட விடுவது மரியாதை இல்லை. மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்துவிட்டால் அவருடைய ஓரகத்திகள் நிற்க முடியாது. அவர்கள் உட்கார்ந்தால் பெரிய வீட்டு மைத்துனிகள் சும்மா இருக்க முடியாது. மரியாதை ஒருவரை ஒருவர் இழுத்து உட்கார வைத்ததில் அந்த வரிசை முழுக்க நிரம்பிவிட்டது.  எல்லோரும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, தூக்கத்தில் சாப்பிடுகிறவர்கள் மாதிரி மெதுவாகச் சாப்பிட்டார்கள். நடுவில் இருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது.

"அம்மா, இன்னுங் கொஞ்சம் வையி."

திரும்பி வரும்போது வேனில் சுகன்யா மூக்கில் எலுமிச்சம்பழத்தோடு என்னை முறைத்துக்கொண்டே வந்தாள்.  கண்மாய்க்கரை தாண்டியதும் அத்தை, "அடுத்த தடவ கொஞ்சங் கொறச்சுப் போடுத்தா" என்றார். அடுத்த தடவை என்று அவர் சொன்னது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது ஒக்கூரில் நான் பெருங்காயத்து மதினி. சுகன்யாவின் மகன் தும்மினால்கூட, வயிற்றுக்குள் இருக்கும்போதே அத்தைக்காரி தாளித்துவிட்டாள் என்கிறார்கள். ஜாகிர் அண்ணன் ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும், எதுவும் கொடுத்துவிடவில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் வாசலில் ஏறுவார். இனியாவுக்கு மட்டும் அந்த வாசம் பிடிக்கும். அந்த அண்டாவுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்து, "எலை போட்ட வாசம்" என்பாள்.

வருகிற மாதம் சுகன்யாவின் பயலுக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து, "சோறு நீங்க கட்டிக்கிட்டு வாரீகளா, இல்ல நாங்களே சமைக்கச் சொல்லிக்கிறட்டுமா?" என்று கேட்டார். அது அழைப்பா, எச்சரிக்கையா என்று எனக்குப் புரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? டப்பா எடுத்துப் போவீர்களா, அண்டா எடுத்துப் போவீர்களா? அண்டா என்றால், ஒரு படி அரிசிக்குப் பால் பெருங்காயம் மிளகு அளவா, கடுகு அளவா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. தனக்கு எந்தப் பக்கம் இலை போடுவார்கள் என்று ஒருத்தி இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.