ஒன்றரை நாள் மாமா

மிகுந்த மரியாதைக்குரிய இலைட்டியா மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் அசேனதா, பாயில் தலைகுனிந்து உட்கார்ந்து மூன்று முறை கைதட்டிவிட்டு எழுதுவது. நான் நலம். விடுதியில் மற்ற முப்பது பெண்களும் நலமாகத் தூங்குகிறார்கள். நான் மட்டும் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். மேட்ரனின் செருப்புச் சத்தம் கேட்டால் வரி பாதியில் நிற்கும், பிறகு தொடரும். மன்னிப்புக் கேட்க வருகிறவர், குடிக்கக் கரைக்கிற யங்கோனா வேர்க்கட்டோடு வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வேர் வாங்க வழியில்லாததால் இந்தத் தாளின் மூலையில் ஒரு கட்டு வரைந்திருக்கிறேன். பெரிய கட்டுதான். முதலில் அதை ஏற்றுக்கொண்டு பிறகு மேலே படிக்கவும். ஏற்றுக்கொண்ட பிறகு கோபப்படக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

மாமா, உங்கள் பெயர் திருட்டுப்போய்த் திரும்பக் கிடைத்துவிட்டது. நீங்கள் முதல் பாதியைப் படித்ததும் எழுந்துவிடுவீர்கள் என்பதால் இன்னொரு முறை எழுதுகிறேன், திரும்பக் கிடைத்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை (சனி ஞாயிறு மட்டும்தான் போனைக் கையில் தருவார்கள்), தீவுப் பெண்களுக்கு உதவித்தொகை என்று ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பினார். எடுத்த எடுப்பில் அட்டையைக் கேட்டிருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். அவர் முறையாக ஆரம்பித்தார். “எந்த ஊரும்மா நீ? அம்மாவுக்கு எந்த ஊரு?” என்று கேட்டார். அப்படிக் கேட்டால் நாம் சொல்லாமல் இருக்க முடியுமா? அப்பா ஊர், அம்மா ஊர், குலம், எந்தச் சபை, அம்மாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். “அட, அம்மா ஊரு வுனிவெசியா? அப்ப எனக்கு மருமக முறையில்ல நீ” என்றார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. என் சீருடைக்கும் சாப்பாட்டுக்கும் நீங்கள் ராத்திரி வேலையும் சேர்த்துப் பார்ப்பது எனக்குத் தெரியும், உதவித்தொகை கிடைத்த பிறகு சொல்லி உங்களைத் திகைக்க வைக்கலாம் என்று நினைத்தேன். பாதுகாவலரின் அட்டை வேண்டும் என்றார். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது எடுத்த உங்கள் வாக்காளர் அட்டைப் படம் போனில் இருந்தது, அனுப்பினேன். நல்ல புகைப்படம் ஒன்று கேட்டார், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும் சூலு வேட்டியும் கட்டி நீங்கள் நிற்பதை அனுப்பினேன். உங்கள் பிறந்த நாளைக் கேட்டார். அதைச் சொன்னதோடு, அன்றைக்கு வாழ்த்துச் சொல்ல மறந்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. உதவித்தொகை என்றால் நாளாகும் என்று நானும் இருந்துவிட்டேன். நேற்று, வியாழக்கிழமை காலையில், கணினி சொல்லிக்கொடுக்கும் உனைசி மிஸ் இணைய ஏமாற்றைப் பற்றிப் பாடம் எடுத்தார்.

“முன்னப் பின்ன தெரியாத ஆள்கிட்ட ஊரு, பேரு, பிறந்த நாள், குடும்பம், எதையும் சொல்லாதீங்க.”

“ஊரச் சொல்லலன்னா வளர்ப்பு சரியில்லன்னு நினைப்பாங்களே மிஸ்” என்றாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசிதி.

“நினைக்கட்டும்.”

“என்னைய நினைச்சா பரவால்ல மிஸ். எங்கம்மாவயில்ல நினைப்பாங்க.”

மிஸ் சாக்பீஸை எடுத்துக்கொண்டார். “சரி, நான் யாரோ ஒருத்தி. நீ யாரு, எந்த ஊரு?”

“சொல்ல மாட்டேன் மிஸ்.”

“கெட்டிக்காரி. வளையல் நல்லாருக்கே, எங்க வாங்கினது?”

“எங்க அத்தை மெலே வாங்கிக் குடுத்தாங்க மிஸ், லெவுகால இருந்து, மார்ச் ஒம்பது என் பிறந்த நாளுக்கு.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. மிஸ் மூன்றையும் பலகையில் எழுதினார், அத்தை பெயர், ஊர், பிறந்த நாள். “இதுல எதும்மா உன் பாஸ்வேர்ட்?” என்று கேட்டார். வசிதி பலகையைப் பார்த்துவிட்டு, “மொத ரெண்டும் சேர்த்து மிஸ்” என்றாள்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு மிஸ் சொன்னார், “மொதல்ல சொந்தம் கொண்டாடுவான். அப்புறம் அட்டையக் கேப்பான். அப்புறம் அந்த ஆளாவே ஆயிடுவான்.” நான் அனுப்பியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. நீங்கள் சிறைக் காவலர் என்பதால், போலீஸ் பிடித்த பிறகு என்னை உங்களிடமே கொண்டுவந்து ஒப்படைப்பார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. மணி அடித்ததும் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. அலமாரியிலிருந்து என் போனை எடுத்து, “உன் மாமா பேரப் போட்டுத் தேடு” என்றார்.

நீங்கள் இருந்தீர்கள், மாமா. சொந்தக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்று பதினோரு வருடமாக முகநூல் பக்கமே வராத நீங்கள், செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு வந்து சேர்ந்திருந்தீர்கள். “போன் தண்ணியில விழுந்திருச்சு, ரொம்ப அவசரம், இந்த நம்பருக்கு எல்லாரும் முடிஞ்சத அனுப்புங்க” என்று எழுதியிருந்தீர்கள். கேட்டால் இல்லையென்று சொல்கிற வழக்கம் வுனிவெசியில் கிடையாது. எல்லோரும் அனுப்பியிருப்பார்கள், உங்கள் பெயர் போயிற்று என்று நினைத்தேன்.

“கீழ படி” என்றார் மிஸ்.

இல்லையென்று யாரும் சொல்லவில்லைதான். ஆனால் கேட்பதற்கு நீங்கள் கிடைத்துவிட்டீர்களே. பெரிய மாமா சவேனதா, “கண்டிப்பா அனுப்பறேன் தம்பி. அதுக்கு முன்னாடி, சபைக் கூரைக்குப் பன்னெண்டு தகரம் சொன்னியே, எந்தக் கப்பல்ல வருது?” என்று எழுதியிருந்தார். லூசியானா சித்தி, “அண்ணா, தையல் மெஷின்” என்று மட்டும் எழுதியிருந்தாள். உங்கள் மச்சான் வைசாலே, “போனோட நீயும் விழுந்திருக்கக் கூடாதா? வாங்கிட்டுப் போன என் வலையத் திருப்பிக் குடு” என்றிருந்தார். “மச்சான், அவசரம்” என்று அந்தத் திருடன் பதில் போட்டிருக்கிறான். “வலைக்கும் அவசரந்தான்” என்று வைசாலே எழுதியிருக்கிறார்.

புதன்கிழமை ராத்திரிக்குள் நாற்பத்தொரு பேர். முதலில் அவன் ஒவ்வொருவருக்கும் சரி, சரி என்று பொறுமையாகத்தான் பதில் போட்டிருந்தான். பின்னிரவில், “நீங்க நினைக்கிற ஆளு நான் இல்லீங்க” என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே பெரிய மாமா, “பதினோரு வருஷமா போன்ல இதத்தான்டா சொல்ற” என்று எழுதியிருந்தார். நாங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அந்தப் பக்கமே காணாமல் போய்விட்டது. மிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உங்கள் அட்டையைத் திருடியவனால் உங்கள் இடத்தில் ஒன்றரை நாளுக்கு மேல் இருக்க முடியவில்லை, மாமா.

ஒருவரும் ஒரு காசு அனுப்பவில்லை. மிஸ் போலீசில் சொல்லிவிட்டார், அட்டை அலுவலகத்துக்கும் போன் செய்துவிட்டார். பழைய அட்டை இனிச் செல்லாது, நீங்கள் நேரில் போய்க் கைரேகை வைத்தால் புதியது தருவார்கள். என் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை சின்ன வகுப்புகளுக்கு இந்தக் கதையை நான்தான் சொல்ல வேண்டுமாம். உங்கள் பெயர் வராது, ஒரு மாமா என்றுதான் சொல்வேன். வசிதியை இப்போது யாராவது எந்த ஊர் என்று கேட்டால், “கடலுக்குப் பக்கத்துல” என்கிறாள். நேற்று விட்ட சாப்பாட்டுக்கும் சேர்த்து இன்றைக்கு மரவள்ளிக் கிழங்கை முழுதாகச் சாப்பிட்டேன்.

மாமிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. கடவுள் உங்களையும் உங்கள் பெயரையும் காப்பாற்றட்டும். மீண்டும் மூன்று முறை கைதட்டி,

உங்கள் மருமகள்,
அசேனதா

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் சனிக்கிழமை ஆகிவிட்டது, போன் கையில் வந்தது. அவன் போட்ட ‘சரி’களைப் படம் எடுத்து வைத்து ஊர்க்கூட்டத்தில் உரக்க வாசித்தார்களாம். தகரத்துக்கும் தையல் மெஷினுக்கும் வலைக்குமாகப் பத்தொன்பது பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார்கள். அது மாமா இல்லை, திருடன் என்று சித்திக்கு எழுதினேன். “திருடனா இருந்தாலும் வாக்கு உங்க மாமா பேர்லதானடி குடுத்தான்” என்கிறாள். கப்பல் வழியில் இங்கே நிற்கிறது, அதனால் இந்தக் கடிதத்தைப் பெரிய மாமா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது அவர்கள் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். பெரிய மாமா நிஜமான யங்கோனா வேர் கொண்டுவருகிறார். அதை ஏற்றுக்கொண்ட பிறகு இல்லையென்று சொல்ல முடியாது என்பதும் உங்களுக்கே தெரியும்.