நிரந்தரமாகப் போக இருவழி டிக்கெட்

இருபத்தோரு வருஷம் அடுத்தவர் நாட்டில் லிஃப்ட் பழுதுபார்த்த ஒருவர், போதும், இனி வீட்டோடு இருக்கலாம் என்று ஒரு நாள் முடிவெடுத்தார். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. சட்டத்தில் அதற்குத் தடையும் இல்லை. தடையே இல்லாத காரியத்துக்குத்தான் படிவம் அதிகம் என்ற உண்மை மட்டும் அவருக்கு அப்போது தெரியாது.

லிஃப்ட்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். ரெண்டே வருஷம் என்று சொல்லிவிட்டு வந்தவர். அந்த நாட்டுக்கு வந்த எல்லோருமே அப்படிச் சொல்லிவிட்டு வந்தவர்கள்தான், அதனால் இதைப் பெரிசுபடுத்த வேண்டாம். மனைவி ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். எதையும் எண்ணிப் பார்த்துப் பேசுகிறவள். ஒரு நாள் போனில் நிதானமாகச் சொன்னாள்:

"கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அதுல நாம சேர்ந்து இருந்தது பதினாலு மாசம். நான் விக்கிற மாத்திரைகூட வேளைக்கு ஒண்ணு. நீங்க வருஷத்துக்கு ஒண்ணு. இந்தத் தடவை வந்தா இருக்கணும். விருந்தாளியா வர்றதா இருந்தா வரவே வேண்டாம், எனக்கு அலுத்துப்போச்சு."

மகளுக்குப் பதினாறு வயசு. வீட்டில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். அவர் போனால் மட்டும் அலமாரியைத் திறந்து கண்ணாடி டம்ளரை எடுத்துத் துடைத்துத் தண்ணீர் கொடுப்பாள். ஒவ்வொரு முறையும் அவர் பாதி குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். ஆகவே போவது என்று முடிவாயிற்று. கம்பெனி தரும் செட்டில்மென்ட் பணத்தில் ஊரிலேயே சின்னதாக ஒரு லிஃப்ட் சர்வீஸ் கடை போட்டால் பிழைப்பு ஓடிவிடும். பாக்கி இருந்தது டிக்கெட் ஒன்றுதான்.

அவர் தங்கியிருந்த அறையில் ஆறு பேர். மூன்று அடுக்குக் கட்டில், ஒரு ஜன்னல், ஒரு குளியலறை. அந்த ஆறு பேரில் ஒருவன் ஓட்டல் சமையல்காரன். எட்டு வருஷமாக ஊருக்கே போகாதவன்; ஆனால் விமான டிக்கெட் விஷயத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் அவனுக்குப் புலி என்று பெயர். எந்தக் கிழமை விலை இறங்கும், எந்த மணிக்கு ஏறும் என்பதெல்லாம் புலிக்கு விரல் நுனியில். செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் தேட வேண்டும், சொந்தப் போனில் தேடவே கூடாது, விலையைப் பார்த்ததும் முகம் மாறக் கூடாது, போன் கவனித்துக்கொண்டே இருக்கும் என்றெல்லாம் சொன்னான். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறு பேரும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, ஆறு போனில் ஒரே டிக்கெட்டைத் தேடினார்கள். அந்த டிக்கெட்டுக்கு ஊரே அடித்துக்கொள்கிறது போலிருக்கிறது என்று நினைத்து விமானக் கம்பெனி விலையை ஏற்றிவிட்டது.

அப்போதுதான் ஒரு விசேஷம் கண்ணில் பட்டது. போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் ஒரு விலை. போகவும் திரும்பி வரவும் சேர்த்து எடுத்தால் அதில் பாதி விலை.

"இதென்னடா அநியாயம், பாதி தூரத்துக்கு ரெண்டு மடங்கா?" என்றார் லிஃப்ட்காரர்.

"அண்ணே, திரும்பி வர்றவன்மேல கம்பெனிக்குப் பாசம் இருக்கும். வரவே மாட்டேங்கிறவன்மேல எதுக்குப் பாசம்? போக வரவே எடுங்க. வர்ற சீட்டை விட்டுடுங்க. ஏறலைன்னா யார் கேக்கப் போறாங்க?" என்றான் புலி.

நியாயமாகத்தான் பட்டது. போகிற தேதியை லிஃப்ட்காரர் சொன்னார். திரும்பி வருகிற தேதி எதுவானால் என்ன என்று, இருப்பதிலேயே மலிவாக, மூன்று மாசம் தள்ளி ஒரு தேதியைப் புலியே அமுக்கினான். மிச்சமான பணத்தில் அறைக்கே அன்று கோழி வாங்கிச் சமைத்துப் போட்டார்.

நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகிறவர்கள் நிரந்தரத் திரும்புகைப் பிரிவில் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் விமான நிலையத்தில் விட மாட்டார்கள். செட்டில்மென்ட் பணமும் வராது. பிரிவு நாலாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் ஓடவில்லை. என்ன கோளாறு என்று கதவு நின்ற விதத்திலேயே லிஃப்ட்காரருக்குத் தெரிந்துவிட்டது; பத்து நிமிஷ வேலை. ஆனால் அரசாங்க லிஃப்டைத் தொட அவருக்கு அனுமதி இல்லாததால் மூச்சு வாங்கப் படியேறினார்.

பிரிவு அதிகாரி நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால், உட்காரச் சொல்லி, விசிறியைத் திருப்பி வைத்து, குடும்பத்தை விசாரித்துவிட்டு அப்புறம் முடியாது என்று சொல்கிறவர். டிக்கெட்டை முன்னும் பின்னும் பார்த்தார்.

"இதுல திரும்பி வர்ற தேதி இருக்கே?"

"வர மாட்டேன் சார். மலிவுன்னு எடுத்தேன்."

"திரும்பி வர்றவருக்கு நிரந்தரமாப் போறார்னு நான் எப்படிச் சான்று குடுக்கறது? நாளைக்கு நீங்க வந்துட்டா பொய்ச் சான்று குடுத்ததா என்மேல நடவடிக்கை எடுப்பாங்க. வர்ற சீட்டை ரத்து பண்ணிட்டு வாங்க, இப்பவே கையெழுத்து போடறேன்."

லிஃப்ட்காரர் விமானக் கம்பெனிக்கு ஓடினார். அங்கே இருந்த பெண் சிரித்த முகம் மாறாமல் விளக்கினாள். வருகிற பயணத்தை ரத்து செய்தால் போகிற பயணம் ஒருவழிப் பயணம் ஆகிவிடும். ஒருவழிப் பயணத்துக்கு விலை ரெண்டு மடங்கு. ஆகவே, பயணி திரும்பி வராமல் இருக்க விரும்பினால் அதற்கான மீதிக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும்.

"வராம இருக்கறதுக்குக் காசா?"

"ஆமா சார். வர்றதுன்னா இலவசம்" என்றாள்.

மறுபடியும் நாலு மாடி. விஷயத்தைக் கேட்ட அதிகாரிக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது. தடித்த புத்தகம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, எச்சில் தொட்டுப் புரட்டி, கடைசியில் ஒரு துணைவிதியைக் கண்டுபிடித்துவிட்டார். இருவழிப் பயணச்சீட்டு வைத்திருப்போருக்குத் தற்காலிக நிரந்தரச் சான்றிதழ் வழங்கலாம். அதைக் கொண்டு ஊருக்குப் போகலாம். குறிப்பிட்ட திரும்பும் தேதியில் மேற்படியார் திரும்பவில்லை என்பது உறுதியானதும் அது முழு நிரந்தரமாகும். செட்டில்மென்ட் பணமும் அப்போது விடுவிக்கப்படும். லிஃப்ட்காரருக்கு அதிகாரியின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

"வரலைன்னு எப்படி சார் உறுதி பண்ணுவீங்க?"

"ரொம்பச் சுலபம். அந்தத் தேதியில நீங்க இங்க வந்து, நான் வரவில்லைன்னு என் முன்னால ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

"வராதவன் எப்படி சார் வந்து போடறது?"

"அதுக்குத்தான் உங்ககிட்ட டிக்கெட் இருக்கே" என்றார் அதிகாரி. "டிக்கெட் இல்லாதவங்க பாடுதான் ரொம்பக் கஷ்டம்."

தபாலில் அனுப்பினால் ஆகாதா என்று கேட்டுப் பார்த்தார். தபாலில் யார் வேண்டுமானாலும் வராமல் இருக்கலாம், இன்னார்தான் வரவில்லை என்று ஆளைப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டார். லிஃப்ட்காரர் தற்காலிக நிரந்தரத்தை வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

அந்த மூன்று மாசத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, சந்தோஷமாக இருந்தார். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம், எப்ப வந்தீங்க என்று கேட்ட கையோடு எப்பக் கிளம்பறீங்க என்றும் கேட்டார்கள். கிளம்பவில்லை என்று சொன்னால் அங்கே ஏதோ தப்புத்தண்டா பண்ணிவிட்டு வந்தவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரெண்டாவது மாசம், மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்பதில் அவருக்கும் மனைவிக்கும் சண்டை வந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் சண்டை. இரண்டு நாள் பேசவில்லை. ரெண்டு பேருக்குமே உள்ளுக்குள் ஒரே மகிழ்ச்சி, ஏனென்றால் விருந்தாளியோடு யாரும் சண்டை போடுவதில்லை. மகளும் ஒரு நாள் அவசரத்தில் கைக்குக் கிடைத்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரைக் கொண்டுவந்து தொப்பென்று வைத்துவிட்டுப் போனாள். அவர் அதை ஒரே மூச்சில் குடித்தார்.

பிறகு அந்தத் தேதி வந்தது. மனைவிக்கு விளக்கிச் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

"வரலைன்னு சொல்றதுக்கா போறீங்க?"

"ஆமா."

"அதை வராமலே சொல்லக் கூடாதா?"

"கூடாதாம். கடை போடப் பணம் வேணுமே. டிக்கெட் வேற இருக்கு. பத்தே நாள்."

அந்தப் பத்தே நாளில் ஒலித்த தொனியை அவள் எங்கோ முன்னாலேயே கேட்டிருக்கிறாள்.

அதிகாரி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று கை கொடுத்தார். விசிறியைத் திருப்பி வைத்தார். பெரிய பதிவேட்டில், மேற்படியார் இன்றைய தேதியில் இந்நாட்டுக்கு வரவில்லை என்று எழுதி, அதற்குக் கீழே லிஃப்ட்காரரைக் கையெழுத்துப் போடச் சொல்லி, கட்டைவிரல் ரேகையும் வாங்கி, முத்திரை குத்தினார். காரியம் கச்சிதமாக முடிந்தது. இனி நீங்கள் முழு நிரந்தரம் என்று வாழ்த்துச் சொன்னார்.

"ரொம்ப நன்றி சார். நாளைக்கே டிக்கெட் எடுத்து ஊருக்குக் கிளம்பறேன். வெளியேற அனுமதிச் சீட்டு மட்டும் குடுத்துடுங்க."

அதிகாரியின் முகம் சுண்டிவிட்டது. பதிவேட்டைத் திருப்பி அவரிடமே காட்டினார்.

"நீங்க வரவே இல்லையே, ஐயா. இப்பதானே கையெழுத்து போட்டீங்க? வராதவருக்கு வெளியே போக அனுமதி எப்படிக் குடுக்கறது?"

லிஃப்ட்காரர் தன் கையை ஒரு தடவை கிள்ளிப் பார்த்துக்கொண்டார். விரலில் மை இன்னும் காயவில்லை. என்ன வழி என்று கேட்டார். வழி இருந்தது, அரசாங்கம் யாரையும் வழியில்லாமல் விடுவதில்லை. வந்ததாக ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வரவில்லை என்ற உறுதிமொழி ரத்தாகும், நிரந்தரம் போகும், பணம் நிற்கும். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கலாம். ரெண்டு மாசம் பிடிக்கும். அதுவரை வேலை இல்லாமல் இந்நாட்டில் தங்குவது குற்றம்.

வேலைக்குப் பஞ்சமில்லை. பழைய கம்பெனி மேனேஜர் அவரைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட இல்லை. அவருடைய நீல நிறச் சட்டையைத் துவைத்து மடித்தே வைத்திருந்தார்கள். இந்த மாதிரி நிரந்தரமாகப் போனவர்கள் கம்பெனியில் இன்னும் முப்பது பேர் இருப்பதாக மேனேஜர் சொன்னார். ஒருவர் ஏழாவது தடவையாக நிரந்தரமாகப் போய்விட்டுப் போன வாரம்தான் வந்தாராம். அறையில் லிஃப்ட்காரருடைய கட்டிலும் காலியாகவே இருந்தது.

ரெண்டு மாசம் நாலு மாசம் ஆயிற்று. ஒருவழியாக விண்ணப்பம் மறுபடி மேஜைக்கு வந்தது. இந்த முறை லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிவு எடுத்தார். விலை எவ்வளவு ஆனாலும் ஆகட்டும், ஒருவழி டிக்கெட்தான். வர்ற சீட்டே இல்லாவிட்டால் எந்த விதி என்ன செய்யும்? அதைக் கேட்டதும் அறையில் எழவு விழுந்தது போல ஆகிவிட்டது. புலி ரெண்டு தடவை எச்சிலை விழுங்கினான். அவ்வளவு பெரிய அநியாயத்தை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அவர் யாரையும் சட்டை பண்ணாமல் மாடிப்படிக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டார். கடையில் கூட்டம் போலிருந்தது. யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்தா பாரு, இந்தத் தடவை போக மட்டும் எடுக்கறேன். வர்ற பேச்சே இல்லை. வந்தா வந்ததுதான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று அவருக்குத் தோன்றி, அவருக்கும் கண் கலங்கியது. பிறகு அவள் குரல் தணிந்து வந்தது.

"எவ்வளவு ஆகுது?"

சொன்னார்.

"போக வர எடுத்தா?"

அதையும் சொன்னார். அவள் மனசுக்குள் கணக்குப் போடுவது கடல் தாண்டிக் கேட்டது.

"ரெண்டு மடங்கா? என்னங்க இது, பகல் கொள்ளையா இருக்கு. போக வரவே எடுங்க. எதுக்கு வீணா?"

"அப்படி எடுத்தா நான் திரும்பவும் இங்க வரணுமே."

"வந்துட்டுப் போங்க. பத்து நாள்தானே" என்றாள் அவள். பிறகு வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்துவிட்டு மறுபடி போனுக்கு வந்தாள். "வரும்போது என்ன வாங்கிட்டு வருவீங்கன்னு மக கேக்கச் சொன்னா."

லிஃப்ட்காரர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒவ்வொன்றாகச் சொல், எழுதிக்கொள்கிறேன் என்றார்.