காலி செய்ய விடாத வீட்டுக்காரர்

மெட்ராஸ் பட்டணத்திலேயே குடித்தனக்காரனைக் கண்டு நடுங்கிய ஒரே வீட்டுக்காரர் எங்கள் போக்கியம் மாமாதான். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு ஒருத்தர் இருந்தால் காட்டுங்கள்.

எழுபதுகளில் என் ஆபீஸில் அவர் ஹெட்கிளார்க். மயிலாப்பூரில் குளத்தடியில் குடியிருந்துகொண்டு, அடையாறில் மாடியும் கீழுமாக ஒரு வீட்டை வாங்கிவிடுவது என்று கிளம்பினார். கையில் இருந்தது பி.எஃப். கடன் மட்டும்.

"மீதிக்கு என்ன பண்ணுவேள்?" என்றேன்.

"நீர் தருவீர், ஓய்!"

தந்தேன். அதுதான் போக்கியம். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது தொகை முழுசாகத் திரும்பி வரும். மாடியை எனக்கும், கீழ்ப் போர்ஷனைத் தையல்கடை பாய்க்கும் விட்டார். வீடு அவருக்குச் சொந்தமாவதற்கு முன்பே விட்டார் என்பதுதான் விசேஷம்! எங்கள் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, தன் பெயருக்குப் பத்திரம் முடித்தார்.

"ஊரார் பணம், நம்ம வீடு. எப்படி நம்ம மூளை?"

மறுமாதமே மூளைக்கு உறைத்தது. வாடகை என்று காலணா வராது. எங்களில் ஒருத்தர் காலி செய்தாலும் தொகையைத் திருப்ப வேண்டும். திருப்ப முடியாவிட்டால் வீட்டையே விற்க வேண்டும். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் அவருக்கு மாப்பிள்ளைகள் ஆனோம்.

ஹால் இருட்டாக இருக்கிறது என்று என் மனைவி பேச்சுவாக்கில் சொன்னாள். மறுநாள் டியூப்லைட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். தெருவில் வீட்டு புரோக்கர் தலை தெரிந்தால் குடையை ஓங்கிக்கொண்டு விரட்டினார். பாய் பொல்லாதவர். வருஷத்துக்கு ஒருமுறை பெருமூச்சு விடுவார்.

"இன்னா சார், சுவரு ஊறிக்கினு கீது. ராயப்பேட்டைல ஒரு வூடு காலியாவுதாம்."

"ஐயோ பாய், நாளைக்கே கொத்தனார் வரான்! நீங்க எங்கேயும் போகப்படாது!"

அவர் தலை மறைந்ததும் பாய் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

இப்படி ஆறு வருஷம். அப்புறம் எனக்குத் திருச்சிக்கு மாற்றலாயிற்று. தங்கை கல்யாணத்துக்கு வேறு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன். இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு, ஆபீஸ் கேன்டீனில் சொல்லிவிட்டேன். மாமாவின் முகம் வெளுத்தது. காபியை மட்டும் நிதானமாகக் குடித்து முடித்தார்.

"எத்தனாந்தேதி கிளம்பறீர்?"

"முப்பதாம் தேதி."

"அன்னிக்குப் பணம் உம்ம கையில."

வீட்டை விற்கத்தான் போகிறார் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது மஞ்சள் பையோடு வந்தார். முழுத்தொகை. பின்னாலேயே ஒரு கட்டை வண்டி நிறையப் பாத்திரம் பண்டம், பீரோ, மாமி.

அப்போதுதான் தெரிந்தது, மயிலாப்பூரில் அவர் இருந்ததும் போக்கியத்துக்குத்தான். அதைக் காலி செய்து, வந்த பணத்தோடு தன் சேமிப்பையும் வழித்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்.

"இருபது வருஷம் இருந்த இடத்தையா மாமா விட்டுட்டேள்?" என்றேன்.

"அட போம் ஓய்! இப்பத்தான் மாடிக்கு ஒரு நல்ல குடித்தனக்காரன் கிடைச்சிருக்கான். செத்தாலும் காலி பண்ண மாட்டான்!"

உத்தியோகத்தில் எத்தனையோ ஊர், எத்தனையோ வீடு காலி செய்திருக்கிறேன். அழுதுகொண்டே காலி செய்தது அந்த ஒன்றைத்தான்.