ஏழாம் நம்பரில் அறுபது உருண்டைகள்

ஃப்ரிட்ஜுக்குள் கையை விட்டுப் பார்த்தார். வெளியே இருப்பதைவிட உள்ளே சூடாக இருந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"போயிடுச்சு" என்றார்.

ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவர் இப்படிச் சொல்லிவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. மனைவி மேஜையைப் பார்த்தாள். தட்டுத் தட்டாக அறுபது மிட்டாய் உருண்டைகள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'கூலர்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வருஷக் கடைசி விடுமுறை வந்தால் கூலர் மிட்டாய் செய்வார். டின் பால், பொடித்த பிஸ்கட், வெண்ணெய், கோகோ, தேங்காய்த்தூள். எல்லாவற்றையும் பிசைந்து உருட்டி, தலையில் ஒரு பாதாம் பருப்பைக் குத்திவிட்டால் தீர்ந்தது. அடுப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம், புத்திசாலித்தனம்கூட அவ்வளவாக வேண்டாம். ஆனால் குளிர் வேண்டும். நாலு நாளாவது குளிரில் இருந்தால்தான் வாயில் போட்டதும் கரையும் பதம் வரும்.

"ஞாயித்துக்கிழமை பையன் வீட்டுக்காரங்க வராங்க. 'எங்க வீட்டுக்காரரே கையால மிட்டாய் பண்ணுவார்'னு போன்ல பெருமையா சொல்லிட்டேனே!" என்றாள் மனைவி.

"வேற என்னெல்லாம் சொன்னே?"

"ஆஸ்பத்திரியில கோல்ட் ஸ்டோரேஜ் இன்சார்ஜ்னு சொன்னேன். பொய்யா?"

பொய் இல்லை. அதுதான் கஷ்டம். போன வருஷம் பெண் பார்க்க வந்த குடும்பம், அந்தக் கோல்ட் ஸ்டோரேஜில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் பாதி குடித்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போயிற்று. அந்தக் கப்புகளைக் கழுவும்போது மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனையோ மௌனங்களோடு பழகியவர் கூலர். அந்த மௌனம் மட்டும் அவருக்குத் தாங்கவில்லை. இந்தப் பையனை மகளுக்குப் பிடித்திருந்தது. பையனின் அம்மா இரண்டு தடவை வந்து போய்விட்டாள். அப்பா மட்டும் இன்னும் வரவில்லை, எப்போது கேட்டாலும் டியூட்டி என்றார்கள்.

எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. மாடிவீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு முட்டை வைக்க இடமில்லை. மெக்கானிக் விடுமுறை முடிந்துதான் வருவானாம்.

"ஆஸ்பத்திரி கேன்டீன் ஃப்ரிட்ஜ்ல வைக்கறேன்" என்றார் கூலர்.

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். "கேன்டீன்தானே?"

"கேன்டீன்தான்."

"வேற எங்கயும் இல்லையே?"

"பஸ் வந்துடும், டப்பாவை எடு."

மறுநாள் புதன்கிழமை, அவர் யோக்கியமாகக் கேன்டீனுக்குத்தான் போனார். கேன்டீன் கதவில் பூட்டு தொங்கியது. கையில் டப்பா, டப்பாவுக்குள் இளகிக்கொண்டிருக்கும் அறுபது உருண்டைகள். உலகத்திலேயே நல்ல குளிர் இருக்கிற அறைக்கு அவர் பையிலேயே சாவி இருந்தது. மனிதர் வேறு என்னதான் செய்வார்?

ஏழாம் நம்பர் டிராயர் போன மாதம்தான் பொருத்தியது. கைப்பிடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. யாரும் இன்னும் குடியேறவில்லை. இழுத்தால் ரப்பர் விளிம்பு ஒரு பெருமூச்சு விட்டது. குளிர் புகையாக இறங்கி அவர் கால்களைச் சுற்றிக்கொண்டது. டப்பாவை வைத்தார், மூடினார், கதவை இரண்டு முறை பூட்டினார்.

வியாழக்கிழமை காலை டப்பாவைத் திறந்து எண்ணினார். ஐம்பத்தெட்டு.

இன்னொரு தரம் எண்ணினார். ஐம்பத்தெட்டேதான்.

டியூப் லைட் மெதுவாக ரீங்கரித்தது. அந்த அறையில் அவரைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். மூன்றாம் நம்பரில் ஒரு பேங்க் மேனேஜர். ஐந்தாம் நம்பரில், உறவு என்று யாரும் தேடி வராத ஒரு தடித்த மனிதர். ஐந்தின் தாழ்ப்பாள் கொஞ்சம் தளர்வு. எவ்வளவு அழுத்தி மூடினாலும் காலையில் ஒரு விரற்கடை திறந்திருக்கும். இத்தனை நாள் அதைக் கூலர் ஒரு ரிப்பேர் விஷயமாகத்தான் நினைத்திருந்தார்.

நேராக அவசரப் பிரிவுக்குப் போனார். இரவு டியூட்டி முடிந்து சிஸ்டர் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், நம்ம ரூமுக்கு நைட்ல புதுசா ஒருத்தர் வந்திருக்காரே, நான் பார்த்ததே இல்ல. ஆள் எப்படி?"

"தங்கமான மனுஷன் அண்ணே. ஆனா ரொம்ப பயந்தவர். உள்ள இருக்கறவங்களுக்கெல்லாம் 'ஐயா, அம்மா'ன்னு வணக்கம் சொல்லிட்டுத்தான் டியூட்டியே ஆரம்பிக்கறாராம். விடிஞ்சதும் சாவியை என் மேஜையில போட்டுட்டு முதல் பஸ் பிடிச்சு ஓடிடுவாரு."

"இனிப்பு கினிப்பு சாப்பிடுவாரோ?"

"சுகர் அண்ணே அவருக்கு. டீயில போட்ட சர்க்கரைக்கே கேன்டீன்காரரோட சண்டை. ஏன், விருந்து வைக்கப் போறீங்களா?"

"சும்மா கேட்டேன்."

ஆக, உயிரோடு இருந்த ஒரே சந்தேகமும் கழன்றுவிட்டது. அன்று மாலை கூலர் டப்பாவைச் சுற்றிக் கயிறு கட்டினார். சாதாரண முடிச்சு இல்லை. பிணத்தின் கால் கட்டைவிரலில் பெயர் அட்டை கட்டுவதற்கு அவருக்குச் சொல்லிக்கொடுத்த முடிச்சு. இரண்டு சுற்று, ஒரு கண்ணி, வால் இடதுபக்கம். தொழிலுக்கு வெளியே ஒருவருக்கும் வராது.

வெள்ளிக்கிழமை காலை முடிச்சு அப்படியே இருந்தது. இரண்டு சுற்று, ஒரு கண்ணி. ஆனால் வால் வலதுபக்கம் இருந்தது.

உள்ளே ஐம்பத்தைந்து.

கூலருக்கு முதுகில் யாரோ ஈரத்துணி போட்டதுபோல இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அறையில் அவர் பயந்ததே இல்லை. மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்வார், கிரிக்கெட் ஸ்கோரைச் சத்தமாகப் படிப்பார், யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். இப்போது முதல்முறையாக, யாராவது குறுக்கே பேசிவிடுவார்களோ என்று நடுக்கமாக இருந்தது.

ஐந்தாம் நம்பர் முன்னால் போய் நின்றார். அது வழக்கம்போல ஒரு விரற்கடை திறந்திருந்தது.

"ஐயா" என்று தொண்டையைச் செருமினார். "தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க உடம்பைப் பார்த்தா இனிப்பு பிடிச்சவர்னு தெரியுது. வேற நேரமா இருந்தா நானே குடுப்பேன். இது என் பொண்ணு விஷயம்."

உள்ளேயிருந்து ஒரு பதிலும் இல்லை. அந்த மரியாதைதான் அவரை இன்னும் கலக்கியது. வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் இருப்பதுதான் நல்லது என்று தோன்றியது. ஒரு கால்விரல் அட்டையை எடுத்து, 'இது ஒரு விசேஷத்துக்காகச் செய்தது. தயவுசெய்து எடுக்க வேண்டாம்' என்று எழுதி டப்பாவில் கட்டினார்.

சனிக்கிழமை காலை எண்ணினார். ஐம்பத்தைந்து. ஒன்றுகூடக் குறையவில்லை.

"அப்பாடா!" என்று அட்டையை அவிழ்த்தார். பின்பக்கம் கோழி கிறுக்கியதுபோல் நடுங்கும் எழுத்து.

'மன்னிச்சிடுங்கம்மா. ஆசையை அடக்க முடியலை.'

கூலர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தரை சில்லென்றிருந்தது. அம்மாவா? யார் அம்மா? தடித்த மனிதர் உள்ளே கிடந்தபடி தன்னைப் பெற்றவளை நினைத்துக்கொண்டிருக்கிறாரா? யாரும் தேடி வராத மனிதர். கடைசியாக அவருக்கு ஒரு இனிப்பு கொடுத்தது யாரோ? பயத்தோடு பயமாகக் கூலருக்குக் கண் கலங்கியது. கண் கலங்கினால் மனிதருக்குக் கை தாராளமாகிவிடும்.

டப்பாவின் மூடியைத் திருப்பி அதில் ஐந்து உருண்டைகளை எடுத்து வைத்தார். புது அட்டையில், 'இது உங்களுக்கு. வயிறாரச் சாப்பிடுங்க. மற்றதை விட்டுவிடுங்க' என்று எழுதினார். டப்பாவைத் துணியால் மூடி, எல்லாவற்றையும் ஏழுக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனார். ஏதோ தர்மம் செய்ததுபோல மனசு லேசாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. டப்பாவை எடுக்க மட்டும் காலையில் போனார். மாற்று ஆள் இன்னும் வரவில்லை. அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஐந்தாம் நம்பர்தான். அது விரற்கடையாக இல்லை, முழுசாகத் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

ஏழாம் நம்பரை இழுத்தார். மூடி துடைத்ததுபோல் காலி. அட்டையின் பின்பக்கம் அதே நடுக்கம்.

'வயிறும் மனசும் நிறைஞ்சுதும்மா. இன்னிக்கு சாயங்காலம் ஒரு நல்ல காரியம். நீங்களும் கூட இருந்து நடத்திக் குடுக்கணும். வந்துடுங்க.'

வந்துடுங்க.

பதிவேட்டைப் புரட்டியிருந்தால், ஐந்தாம் நம்பருக்கு எங்கிருந்தோ ஒரு தம்பி வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப்போன விவரம் தெரிந்திருக்கும். புரட்ட வேண்டியது அவருடைய உத்தியோகமும்கூட. ஆனால் அப்போது உத்தியோகமா முக்கியம்? டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை ஓடினார். பஸ்ஸில் பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே வந்தது. விடுமுறை நாளில், இவ்வளவு கூட்டத்தில், அந்த இருக்கை மட்டும் ஏன் காலி? அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டில் எண்ணினார். ஐம்பது சரியாக இருந்தது. அதனால் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை.

"இன்னிக்கு சாயங்காலம் எனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா" என்று ஆரம்பித்தார் மனைவியிடம்.

"என்ன ஆகும்? சட்டையை மாத்துங்க, பழைய வாசனை அடிக்குது."

மகளிடம் போனார். "அப்பா பண்ற வேலையை நினைச்சு நீ வெட்கப்பட்டிருக்கியாம்மா?"

மகள் தலை வாரிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "ஒருநாளும் இல்லப்பா. அவங்க எழுந்து போனப்போ அழுகைதான் வந்துச்சு, உங்களுக்காக." பிறகு அவரை உற்றுப் பார்த்தாள். "ஏம்பா இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல" என்றார். இனிமேல் கூப்பிட்டால் போகலாம், இந்த வார்த்தை போதும் என்று நினைத்தார். அதே சமயம் போக அவருக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

சரியாக ஐந்து மணிக்கு மின்சாரம் போயிற்று. ஐந்து மணி ஒரு நிமிஷத்துக்கு யாரோ கதவைத் தட்டினார்கள்.

கூலர் போய்த் திறந்தார். இருண்ட மாடிப்படியில் தடித்த உருவம் ஒன்று அசையாமல் நின்றது. முகம் தெரியவில்லை. பழக்கமான கிருமிநாசினி சோப்பு வாசனை வந்தது, அவர் அறையில் அடிக்கிற அதே வாசனை.

"வரச் சொன்னீங்களே" என்றது உருவம்.

கூலர் கதவைச் சாத்தப் போனார்.

"என்னங்க பண்றீங்க! சம்பந்தி வந்திருக்காங்க, வழியை விடுங்க!" மனைவி அவரை ஒதுக்கிவிட்டுக் கதவை அகலத் திறந்தாள். அதற்குள் மின்சாரமும் வந்துவிட்டது. உருவத்துக்குப் பின்னால் பையனும் அவன் அம்மாவும் நின்றார்கள். தடித்த உருவம் பையனின் அப்பா. சிவந்த கண், அடக்கிய கொட்டாவி, சரியாகத் தூங்காத முகம். கூலருக்கு உயிர் பாதிதான் திரும்பி வந்தது. சாயங்காலம் இன்னும் முடியவில்லையே.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். டீ வந்தது.

"சார் எதில இருக்கீங்க?" என்று கேட்டு வைத்தார் கூலர்.

"நைட் சூப்பர்வைசர்" என்று பையனின் அம்மா முந்திக்கொண்டாள். பையனின் அப்பா தன் செருப்பு கழற்றிய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கீழ எத்தனை பேருங்க?" என்று அவள் கூலரைத் திருப்பிக் கேட்டாள்.

கூலர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"கூடும், குறையும்" என்றார் கூலர். "இப்போதைக்கு ஒருத்தர்தான். ரொம்ப அமைதியான மனுஷர்."

பையனின் அப்பா சட்டென்று நிமிர்ந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், அடக்கிக்கொண்டார்.

மகள் தட்டைக் கொண்டுவந்தாள். அதில் ஐம்பது உருண்டைகளும் தலையில் பாதாமோடு வரிசையாக இருந்தன. கூலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அறையின் காலி மூலைகளைப் பார்த்தார். எந்தப் பக்கமிருந்து கை நீளுமோ?

"அவருக்கு வேண்டாம்மா" என்றாள் பையனின் அம்மா. "சுகர். நாங்க வீட்டுல கண்ணுலயே காட்டறதில்ல."

ஆனால் கை ஏற்கனவே நீண்டிருந்தது. பையனின் அப்பா ஒரு உருண்டையை எடுத்து, பாதாமைப் பார்த்தார், முகர்ந்தார், கண்ணை மூடி வாயில் போட்டார். மென்றுகொண்டிருந்த தாடை நடுவில் நின்றது. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது.

"என்னங்க, பிடிக்கலையா?" என்றாள் கூலரின் மனைவி. அவர் கப்பில் பாதி டீ அப்படியே இருப்பதை அவள் கவனித்துவிட்டாள். மகள் தட்டை மேஜையில் வைத்துவிட்டாள்.

பையனின் அப்பா மெதுவாக எழுந்தார். எழுந்தவர் வாசல் பக்கம் போகாமல் கூலர் அருகில் வந்து, பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, கும்பிட்ட கையோடு அவர் காதில் கிசுகிசுத்தார்:

"ஏழாம் நம்பர் அம்மா... நீங்கதானா சம்பந்தி?"